அம்மா கேட்கச் சொன்னது

கெல்சென்கிர்ச்சன்
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், அப்பா நலம், அம்மா நலம் என்று அம்மாவே சொல்லிக்கொள்கிறார். அங்கே நீங்களும் உங்கள் உலையும், உலையில் இன்னும் விழாத அத்தானும் நலமா?

காகிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வட்ஸ்அப்பில் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் வட்ஸ்அப்பைக் குசினி மேசையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக ஏலாது. காகிதத்தை விடலாம். என் திட்டம் இவ்வளவுதான்: நீங்கள் எனக்குத் தமிழில் கடிதம் எழுதவேண்டும். நான் அதைத் தற்செயலாக, மிகவும் கவனமாகத் தற்செயலாக, உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் மறந்துவிட்டுப் போவேன். ஜேர்மன்காரரின் டொச்சில் எழுதினால் அம்மாவுக்கு அது மின்சாரக் கட்டணத் துண்டு. தமிழில் எழுதினால் கண் தானாகப் போகும். உங்கள் நம்பரை அம்மா தடுத்து வைத்திருக்கிறார்; தபாற்காரரைத் தடுக்கிற பொத்தானை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நீங்கள் டிரெஸ்டனில் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டதை உங்களிடம் இருந்து கேட்காமல், கோயிலில் கமலாம்பிகை அன்ரியிடம் இருந்து கேட்டதுதான் அம்மாவுக்கு ஆறவில்லை. அத்தான் இந்தியா என்பதும் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்பதும் அதற்குப் பிறகுதான். அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று சொன்னவர், அன்றில் இருந்து எனக்கு இரண்டு பிள்ளைக்கான சோறு போடுகிறார். காற்சட்டை இறுகிவிட்டது. ஆகவே நீங்கள் திரும்பி வருவது என் உடல்நலம் சம்பந்தப்பட்ட விடயம்.

போன வெள்ளி கோயில் செருப்புத் தட்டில் "இன்று முதல் செருப்புக்கும் அர்ச்சனை உண்டு, பெயர் நட்சத்திரம் சொல்லவும்" என்று ஒட்டினேன். இரண்டு பேர் நட்சத்திரமும் சொல்லிவிட்டார்கள். ஐயர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முன்பென்றால் எனக்கு அடித்துவிட்டுச் சிரித்திருப்பார்.

நீங்கள் செய்தது கலப்பு மணம், ஆராய்வது கலப்பு மணி. வீட்டில் மிஞ்சியது கலக்கம். கெதியாக எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் இன்னும் மோசமாகப் பகிடி விடுவேன் என்று அன்போடு மிரட்டும்
தம்பி அபிஷன்


டிரெஸ்டன்
மார்ச் 21

என் செல்லத் தம்பி அபிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பாவுக்கு இன்னும் பார்சல் கிடங்கில் இரவு வேலைதானா? நீ எத்தனை பாடத்தில் தப்பினாய்?

உன் திட்டம் கள்ளத் திட்டம். ஆனால் சரி. ஒரு நிபந்தனை: ரெலிபோன் எடுக்காதே. உனக்குப் பின்னால் அம்மா சட்டி கழுவுகிற சத்தம் கேட்டால் எனக்கு அன்று முழுக்க வேலை ஓடாது. எழுது, போதும்.

மேசையில் கிடக்கப்போகிற கடிதத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதில் யாருக்கும் கோபம் வராது.

ஐந்நூறு ஆண்டுக்கு முன் வட இத்தாலியின் நகரங்களில் தேவாலய மணிகளை வார்த்தவர்கள், செம்போடு வெள்ளீயம் கலந்து உருக்கினார்கள். உருகிய அந்தக் கலவை அச்சுக்குள் எப்படி ஓடியிருக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. செம்பு தனியாக இருந்தால் ஆயிரத்து எண்பத்தைந்து பாகையில்தான் உருகும். ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் தொள்ளாயிரத்துக்குள் முழுவதும் நீராகிவிடும். இரண்டும் சேர்ந்த பிறகு எதுவும் தன் பழைய பிடிவாதத்தில் நிற்பதில்லை.

உருகியதை ஒரு கிண்ணத்தில் வைத்தால் கிண்ணத்தின் அழுக்கு அதில் சேர்ந்துவிடும். அதனால் காந்தச் சுருளுக்கு நடுவில், எதையும் தொடாமல், கடலை அளவு துளியாக அந்தரத்தில் நிறுத்தி உருக்குகிறோம். அது நடுங்கும். எவ்வளவு வேகமாக நடுங்குகிறது என்பதில் இருந்து மேற்பரப்பின் இழுவையும், நடுக்கம் எவ்வளவு கெதியில் அடங்குகிறது என்பதில் இருந்து அதன் பாகுத்தன்மையும் தெரியும்.

இது அலுப்பாக இருந்தால் சொல்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்ல முடியாத
அக்கா வேணுஜா


கெல்சென்கிர்ச்சன்
ஏப்ரல் 6

பாகுக்கும் பாசத்துக்கும் உரிய அக்காவுக்கு,

சுகம் கேட்டதற்குச் சுகம். அம்மாவின் முழங்கால் படியில் வலிக்கிறது, கோயில் படியில் வலிப்பதில்லை. அப்பா இரவில் வேலை செய்து பகலில் நித்திரை கொள்வதால் வீட்டுச் சண்டை எதிலும் கலந்துகொள்வதில்லை. நான் கணக்கில் மட்டும் தப்பவில்லை. கணக்கு என்னிடம் இருந்து தப்பிவிட்டது.

கடிதத்தைச் சொன்ன இடத்தில் வைத்தேன். அம்மா முதலில் அதன்மேல் சூடான தாச்சிச் சட்டியை இறக்கி வைத்தார். உங்கள் காந்தச் சுருளில் வட்டமாகக் கரி. சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் போன சனி தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது, அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக் கேட்டார்:

"அரியதரத்துக்குப் பாகு காய்ச்சினால் விரலுக்கு இடையில கம்பி இழுத்துப் பதம் பாக்கலாம். அந்தரத்தில நிக்கிறதுக்கு எப்பிடிப் பதம் பாக்கிறது? கேட்டு எழுது."

யார் கேட்டது என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது என்பதுபோல முகத்தை வைத்திருந்தார். நான் அப்படியே எழுதிவிட்டேன். கெதியாகப் பதில் போடுங்கள், பதம் தவறக்கூடாது.

உங்கள் தபால் அமைச்சர்
அபிஷன்


டிரெஸ்டன்
ஏப்ரல் 12

அபி, என் ராசா,

சுகம், சுகம். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

உன் கடிதத்தை ஆய்வுகூடத்து மாடிப்படியில் நின்று வாசித்தேன். உன் அத்தான் யாகோப்பு வந்து, "என்னாச்சு வேணு, நல்ல நியூஸா கெட்ட நியூஸா?" என்று இரண்டு தரம் கேட்டார். கடிதத்தையே நீட்டினேன். தூத்துக்குடிக்காரருக்கு அரியதரம் என்றால் அவர்கள் ஊர் அதிரசம்தான் என்று விளங்கப்படுத்தவே ஒரு மணித்தியாலம் போனது.

அம்மாவுக்குச் சொல். உருகிய வெண்கலம் பாகு மாதிரி இழுபடாது. பார்க்கத்தான் பாரமாக, தடிப்பாகத் தெரியும். ஓடவிட்டால் தண்ணீர் போல, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் சோம்பலாக, எந்தச் சின்ன இடுக்குக்குள்ளும் போய்விடும். அதனால்தான் மணியின் வெளிப்பக்கத்தில் மெல்லிய இலையும் பூவும்கூட வார்க்க முடிந்தது.

இன்னொன்றும் சொல். உறைய வேண்டிய சூட்டுக்கு நூறு பாகை கீழே போனாலும் சில வேளை அந்தத் துளி உறையாது. பிறகு ஒரு கணத்தில் பளிச்சென்று மின்னி முழுவதும் உறைந்துவிடும். உறையும்போதுதான் உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது.

எங்கள் குழுவில் இத்தாலிய நகரங்களின் வரலாறு படித்த ஒருத்தி இருக்கிறாள். அவள் சொல்வாள்: மணி வார்க்கிறவர் ஊருக்கு வந்து தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டுவாராம். அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து ஓட்டைச் சட்டி, உடைந்த விளக்கு எல்லாம் கொண்டுவந்து உலையில் போடுவார்களாம். அந்த நகரங்களைச் சுற்றி மதில். மதிலில் கதவு. பொழுதுபடும்போது ஒரு மணி அடிக்கும், கதவைப் பூட்டிவிடுவார்கள். சந்தைக்குப் போய்ப் பிந்தி வந்தவர்கள் இரவு வெளியேதான்.

அம்மா வேறு என்ன கேட்டாலும் எழுது. என்ன கேட்டாலும்.

அன்புடன்
அக்கா


கெல்சென்கிர்ச்சன்
மே 11

மதிலுக்கு வெளியே வாழும் அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்கிற வேலையை இந்த முறை இன்னொருவரும் செய்கிறார், அதனால் நான் சுருக்கமாக.

உங்கள் கடிதம் இந்த முறை தாச்சியில் இருந்து தப்பியது. இரண்டு கிழமை மேசையில் கிடந்தது. அம்மா மேசையைத் துடைக்கும்போது அதைத் தூக்கித் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். இதை ஒரு விஞ்ஞானியிடம் ஓர் அளவீடாகச் சமர்ப்பிக்கிறேன்.

பிறகு நேற்று, தேருக்கு உடுக்கிற பச்சைச் சேலையை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கிக்கொண்டு கேட்டார்:

"மணி அடிச்சாப் பிறகு வாறவையை உள்ளுக்கு விடவே மாட்டினமோ? சொந்த ஊர்ச் சனமெண்டாலும்?"

நான் பகிடியும் விடவில்லை அக்கா. சும்மா "கேக்கிறன்" என்றேன்.

அடுத்த மாதம் ஹம் நகரத்துக் கோயில் தேர். நான் மோர்ப் பந்தலில் நிற்பேன். மோர் இலவசம், என் பேச்சும் இலவசம்.

அபிஷன்


டிரெஸ்டன்
மே 16

அபி,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

அந்த வரலாற்றுக்காரியிடம் கேட்டேன். சில ஊர்களில் பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு இருந்ததாம். காவலாளிக்கு ஆளைத் தெரிந்திருந்தால் குனிந்து உள்ளே வரலாமாம்.

இதை மேசையில் வைக்காதே. நான் நேரில் சொல்லப்போகிறேன். தேருக்கு வாறன். யாகோப்பை இந்த முறை கூட்டிவரவில்லை; அது அடுத்த படி. அம்மாவுக்குச் சொல்லிவிடாதே, சொன்னால் இரவு முழுக்க நித்திரை கொள்ள மாட்டார்.

எனக்கும் நித்திரை இல்லை. என்ன சேலை உடுப்பது என்று முப்பது வயதுக்குப் பக்கத்தில் ஒருத்தி கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள்.

அக்கா


டிரெஸ்டன்
ஜூன் 24

அபிஷனுக்கு,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். மோர்ப் பந்தலில் உன்னைத் தேடாமல் போனதற்குக் காரணம் எழுதுகிறேன்.

தேர் நின்ற நேரம், பெண்கள் வடம் பிடிக்கிற பக்கம் போனேன். அம்மா பச்சைச் சேலையில் நின்றார். மெலிந்துவிட்டார். "அம்மா" என்றேன். திரும்பி, நெற்றியில் இருந்து கால்வரை பார்த்தார், காய்ச்சலால் எழும்பின பிள்ளையைப் பார்ப்பது போல. அந்தப் பார்வையில் துணிவு வந்துதான் சொன்னேன்:

"சின்னக் கதவு ஒண்டு இருந்ததாம் அம்மா. நீங்கள் கேட்டனீங்கள்."

"எந்தக் கதவு?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், எனக்குத் தெரியாதவர், "ஆரது அக்கா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஆரோ பிள்ளை. வழி கேக்குது."

வடம் அசைந்தது. அம்மாவும் அதோடு போய்விட்டார். நான் நின்ற இடத்தால் எல்லாரும் விலகிப் போனார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

அபி, கதவைப் பற்றிக் கேட்டது நீ. பாகைப் பற்றிக் கேட்டதும் நீயா? ஒரு சொல்லில் எழுது.

வேணுஜா


கெல்சென்கிர்ச்சன்
ஜூன் 27

அக்கா,

ஓம்.

ஒரு சொல்லில் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இனி எழுதுவது கேட்காதது.

கேள்வி போனால் நீங்கள் பதில் எழுதுவீர்கள். பதில் வந்தால் அம்மா ஒருநாள் வாசிப்பார். வாசித்தால் அடுத்த கேள்வியை அவரே கேட்பார், நான் விலகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாச்சி வைத்தது உண்மை. தூக்கித் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்ததும் உண்மை. அதற்கு மேலே நடந்ததெல்லாம் என் வாயால் வந்தது. நீங்கள் தேருக்கு வாறன் என்று எழுதியபோது நிறுத்தியிருக்க வேண்டும். முகத்தைக் கண்டால் அம்மா உருகிவிடுவார், கேள்வி யாருடையது என்று பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அன்று காரில் வீட்டுக்கு வரும்போது நான் ஏதோ பகிடி விட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மா சேலைகூட மாற்றாமல் பாத்திரம் கழுவினார். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினார்.

இதை நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை. நீங்கள் சுகமா?

அபி


டிரெஸ்டன்
ஒக்ரோபர் 18

அன்பு அபிக்கு,

நான் சுகம். கோடையில் நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. எழுத உட்கார்ந்தால் யாருக்கு எழுதுகிறேன் என்று குழம்பியது. இவ்வளவு நாளும் உன் பெயரைப் போட்டு வேறொருவருக்கு எழுதிப் பழகிவிட்டேன்.

வேலை நடக்கிறது. போன கிழமை ஒரு துளி சுருளில் இருந்து நழுவி, கீழே இருந்த தட்டில் விழுந்து உறைந்தது. சிவப்புப் போய்விட்டது, ஆறிவிட்டது என்று நினைத்துத் தொட்டுவிட்டேன். சிவப்புப் போன பிறகும் நானூறு, ஐந்நூறு பாகை இருக்கும் என்பது நான் மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். கை சுட்டுவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். யாகோப்பு சமைக்கிறார், அதுதான் பெரிய காயம்.

படி. கணக்கை விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தை மேசையில் வைக்கத் தேவையில்லை.

அக்கா


கெல்சென்கிர்ச்சன்
ஒக்ரோபர் 25

அக்கா,

கை எப்படி? நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தேன். பழக்கம்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதினாலும் நான் கட்டியது போலத்தான் இருக்கும். அதனால் அலங்காரம் இல்லாமல் எழுதுகிறேன். நான் பின்னேரம் வந்தபோது அம்மா மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கடிதம் கையில் இருந்தது. அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற மணம், அவர் கவனிக்கவில்லை. என்னை நேரே பார்த்துக் கேட்டார்:

"சோத்துக் கையோ, மற்றக் கையோ?"

எனக்கு விளங்கவில்லை. "என்னம்மா?" என்றேன்.

"சுட்டது எந்தக் கையெண்டு கேள். சோத்துக் கையெண்டால் பிள்ளை என்னெண்டு சாப்பிடும்?"

அவ்வளவுதான். பிறகு போய் அடுப்பை நிறுத்தினார். இரவு திரும்பவும் கேட்டார், எழுதிவிட்டாயா என்று. அடுத்த நாள் காலையில் முத்திரைக்கு என்று சில்லறையை மேசையில் வைத்திருந்தார்.

அக்கா, சத்தியம். என் சத்தியம் இப்போது என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியும். என்றாலும் சத்தியம்.

அபிஷன்


டிரெஸ்டன்
நவம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

நீ எழுதிய கேள்விகளிலேயே இதுதான் மிக நல்லது. மற்றவற்றில் எங்கேயோ உன் குறும்பு எட்டிப் பார்க்கும். இதில் இல்லை. வாசிக்கும்போது அம்மாவின் குரல் காதில் கேட்டது. அவர் "பிள்ளை" என்று சொல்கிற விதம்கூட. எங்கள் இரண்டு பேரையும் நீ எவ்வளவு கவனித்திருக்கிறாய் என்று நினைத்து அழுதேன்.

அதனால்தான் கேட்கிறேன், இனி வேண்டாம். நீ கெட்டவன் என்று சொல்லவில்லை. எனக்கு ஏலாது என்று சொல்கிறேன். என்னை வழி கேட்கிற பிள்ளை என்று சொன்னவர் என் கையைப் பற்றிக் கேட்க மாட்டார். அம்மா அப்படிப்பட்டவர் இல்லை, சொன்னதில் நிற்கிறவர். அதை நான் பழகிக்கொண்டு வருகிறேன். பழகின இடத்தில் நீ திரும்பத் திரும்பக் கிள்ளாதே.

கேள்வி அவருடையது இல்லாதபடியால் பதிலும் எழுதவில்லை. குறை நினைக்காதே.

கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம். நானாக எழுதுவேன்.

அன்பு குறையாத
அக்கா


கெல்சென்கிர்ச்சன்
நவம்பர் 8

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இது எழுதச் சொல்லி வந்தது.

உங்கள் கடிதம் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வந்திருக்கிறது. உறையில் என் பெயர்தான். இந்த நாட்டில் மற்றவர் கடிதத்தை உடைப்பது குற்றம். அம்மா உடைத்துவிட்டார். பதில் வரும் வரும் என்று தினமும் தபாற்பெட்டிக்கு இறங்கிப் போய் வந்தவர், முழங்காலோடு, நாலு மாடி.

நான் வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். கடிதம் விரித்தபடி முன்னால். எங்கே இருக்கிறது என்று தேடாமல் அந்த வரியில் விரலை வைத்தார். "கேள்வி அவருடையது இல்லாதபடியால்." பிறகு மற்ற வரியில். "அம்மா அப்படிப்பட்டவர் இல்லை." என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், பாகில் இருந்து கதவு வரைக்கும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

பேனையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே ஒரு வரி எழுதுங்கோ அம்மா. உங்கட எழுத்தைக் கண்டால் அக்கா நம்புவா" என்றேன்.

பேனையைப் பார்த்தார். கடிதத்தின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை. பிறகு கடிதத்தை மடித்தார். கடையில் சேலை மடிக்கிற மாதிரி, நகத்தால் அழுத்தி அழுத்தி.

"அவள் எழுதினது சரிதான்" என்றார். "நான் ஒண்டும் கேக்கேல்லை. அப்பிடியே எழுது."

"அம்மா," என்றேன்.

"எழுது எண்டு சொன்னனான் எல்லே."

எழுதிவிட்டேன். அம்மா என்னிடம் சொல்லி, நான் கூட்டாமல் குறைக்காமல் உங்களுக்கு அனுப்புகிற இரண்டாவது வசனம் இது: அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இதை நீங்கள் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவர் அறைக்குள் போய்விட்டார். இன்றைக்கு என் தட்டில் ஒரு பிள்ளைக்கான சோறுதான் இருந்தது.

இங்கே எல்லாரும் நலம் என்று முடிக்க வேண்டும். முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி மட்டும் மிச்சம் இருக்கிறது. இது என் கேள்வி, என் எழுத்து, என் பெயரில். அம்மா கேட்கவில்லை.

எந்தக் கை அக்கா?

அபிஷன்